பெர்கொலேசி பெயரில் இருப்பதெல்லாம் பெர்கொலேசியுடையதா?

யூடியூபில் பெர்கொலேசி என்ற 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளரைத் தேடினால் ஒரு குழப்பம் உடனே கண்ணில் படும். ஒரே இசைதான், ஒரு பதிவில் 'பெர்கொலேசி' என்று போட்டிருக்கும், இன்னொரு பதிவில் 'வாசெனார்' என்று ஒரு டச்சுப் பிரபுவின் பெயர் இருக்கும். 'புல்லாங்குழல் கான்செர்ட்டோ - பெர்கொலேசி' என்று ஒன்று வரும் (கான்செர்ட்டோ என்றால் வாத்தியங்களுக்கு எழுதிய ஒரு வகை இசை), பக்கத்திலேயே 'அவருடையது என்று சொல்லப்படுகிறது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. 20ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'புல்சினெல்லா' என்ற பாலே பெர்கொலேசியின் இசையை வைத்துச் செய்தது என்று ஒரு குறிப்பு சொல்லும், அடுத்த குறிப்பு அதில் பெரும்பகுதி அவருடையதே இல்லை என்று சொல்லும்.

26 வயதில் செத்துப்போன ஒரு மனிதர். தொழில்முறையாக எழுதியது ஐந்தாறு வருஷம். அவர் பெயரில் எப்படி இவ்வளவு சரக்கு சேர்ந்தது, அதில் எது நிஜம்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் அவர் என்ன வேலை செய்தார், அந்தக் காலத்து ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகம், எப்படி நடந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆள் யார்

ஜொவான்னி பத்திஸ்தா பெர்கொலேசி 1710 ஜனவரி 4 அன்று இத்தாலியின் யேசி என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்த பகுதி. குடும்பப் பெயர் உண்மையில் ட்ராகி. முன்னோர் பெர்கொலா என்ற ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதால் 'பெர்கொலாக்காரர்' என்ற பொருளில் பெர்கொலேசி என்று ஊரார் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஆக, நாம் சொல்லும் பெயரே அடுத்தவர் ஒட்டியதுதான்.

உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். இவருக்கும் உடம்பு சரியில்லை, ஒரு கால் ஊனம். ரோமில் பியெர் லெயோனே கெட்ஸி என்ற ஓவியர் வரைந்த கேலிச்சித்திரத்தில் அந்தக் கால் நன்றாகத் தெரிகிறது. பிற்காலத்துப் படங்களில் வரும் அழகான இளைஞர் கற்பனை. மூக்கு பெருத்து, உதடு தடித்து, தாங்கித் தாங்கி நிற்கும் கெட்ஸியின் ஆள்தான் நேரில் பார்த்து வரைந்த ஆள்.

1720களில், பையனாக இருக்கும்போதே, நேப்பிள்ஸுக்கு அனுப்பப்பட்டார். அங்கே நான்கு 'கன்செர்வத்தோரியோ'க்கள் இருந்தன. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் இசைக்கல்லூரி என்றுதான் தோன்றும், ஆனால் அவை அடிப்படையில் அநாதை இல்லங்கள், 'காப்பது' என்ற வினையிலிருந்து வந்த பெயர். பையன்களுக்குச் சோறு போட்டு, பாட்டு கற்றுக்கொடுத்து, ஊர்வலத்துக்கும் சவ அடக்கத்துக்கும் பாட அனுப்பிக் கிடைக்கும் காசில் இல்லம் நடக்கும். பெர்கொலேசி சேர்ந்த இல்லத்தின் பெயரே 'இயேசு கிறிஸ்துவின் ஏழைகள்'. கயெத்தானோ க்ரெகோ, லெயோனார்தோ வின்சி (ஓவியர் டாவின்சி இல்லை, இவர் இசையமைப்பாளர்), பிரான்செஸ்கோ துராந்தே ஆகியோர் அவருக்குக் கற்பித்தவர்கள். 1731இல் புனித குலியெல்மோவைப் பற்றிய பக்தி நாடகம் ஒன்றுக்கு இசையமைத்தார், அதோடு படிப்பு முடிந்து தொழில் ஆரம்பம்.

அன்றைய ஓபரா என்றால் என்ன

இந்தச் சொற்கள் தெரிந்தால் போதும், மீதி தானாகப் புரிந்துவிடும்.

1. ஓபரா சீரியா: ராஜா, தளபதி, கைதி, தியாகம் என்று போகும் மூன்று அங்க நாடகம். கதாநாயகன் வேடம் பெரும்பாலும் காஸ்ட்ராட்டோவுக்கு, அதாவது சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்டதால் குரல் உடையாமல் இருந்த ஆண் பாடகருக்கு.

2. ஆரியா, ரெசிட்டாட்டிவோ: கதை நகர்வது ரெசிட்டாட்டிவோவில், ஹார்ப்சிகார்ட் (பியானோ மாதிரியான பழைய வாத்தியம்) பின்னணியில் பேச்சுப் போலவே பாடிவிடுவார்கள். கதை நின்று உணர்ச்சி பொங்கும் இடம் ஆரியா. அதில் முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மறுபடி முதல் பகுதி. அந்த மறுபடி வரும்போதுதான் பாடகர் தன் வித்தையைக் காட்டுவார், ஜனம் காசு கொடுத்து வந்தது அதற்குத்தான்.

3. லிப்ரெட்டோ: பாட்டும் வசனமும் அச்சடித்த சின்னப் புத்தகம். எந்த அரங்கு, எந்த வருஷம், யார் பாடினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பின்னால் இது முக்கியச் சாட்சியாக வரப்போகிறது.

4. இன்டர்மெட்ஸோ: சீரியஸ் ஓபராவின் அங்கங்களுக்கு நடுவே போடும் நகைச்சுவைத் துண்டு. இரண்டு மூன்று பேர், கொஞ்சம் வயலின், செலவு குறைவு.

இதில் இசையமைப்பாளர் பெரிய ஆள் இல்லை, பாடகர்தான் பெரிய ஆள். பெர்கொலேசியின் முதல் ஓபரா 'லா சலூஸ்தியா' மேடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, 1732 ஜனவரி 1 அன்று, அதில் பாட இருந்த புகழ்பெற்ற நிக்கொலீனி இறந்துபோனார். வேடம் ஓர் இளம் பாடகருக்குப் போயிற்று, உடனே பெர்கொலேசி உட்கார்ந்து புதுக் குரலுக்கு ஏற்றபடி இசையை மாற்றி எழுத வேண்டியிருந்தது. தையல்காரர் வேலை மாதிரிதான், அளவு மாறினால் பிரித்துத் தைக்க வேண்டும்.

மொத்தம் அவர் எழுதிய ஓபராக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சீரியா நான்கு: 'லா சலூஸ்தியா', 'இல் பிரிஜொனியெர் சுபெர்போ', 'அத்ரியானோ இன் சிரியா', 'லோலிம்பியாதே'. முழுநீள நகைச்சுவை இரண்டு: நேப்பிள்ஸ் பேச்சுமொழி கலந்த 'லோ ஃபிராத்தே நமொராத்தோ', 'இல் ஃபிளமீனியோ'. நமக்குக் கிடைத்த இன்டர்மெட்ஸோ இரண்டு: 'லா செர்வா பத்ரோனா', 'லிவியெத்தா எ த்ரக்கொல்லோ'.

சாக்லேட்டுக்குக் காத்திருந்த கிழவர்

1732 நவம்பரில் நேப்பிள்ஸ் பகுதியில் பெரிய நிலநடுக்கம். பரிகாரமாக அரங்குகளை மூடிவைத்தார்கள். திரும்பத் திறந்தபோது, 1733 செப்டம்பர் 5 அன்று, சான் பர்த்தொலொமேயோ அரங்கில் போட்டது 'இல் பிரிஜொனியெர் சுபெர்போ'. நார்வே ராஜா கைதாகிறார், மகள் தவிக்கிறாள் என்று போகும் கதை. இன்று அதை யாரும் தேடிப் போவதில்லை. அதன் நடுவே ஓட்டிய இன்டர்மெட்ஸோதான் 'லா செர்வா பத்ரோனா', அதாவது வேலைக்காரியே எஜமானி.

இரண்டு பகுதி, சேர்த்து முக்கால் மணி நேரம். பாடுகிறவர்கள் இருவர்தான்: கட்டைக் குரலில் எஜமானர் உபெர்த்தோ, மேல்குரலில் அவரைக் கட்டிக்கொள்ளத் திட்டம் போடும் வேலைக்காரி செர்பீனா. மூன்றாவது ஆளான வேலைக்காரன் வெஸ்போனே வாயே திறப்பதில்லை. ஊமைப் பாத்திரம்.

திரை விலகும்போது உபெர்த்தோ காலைச் சாக்லேட் பானத்துக்காகக் காத்திருக்கிறார். மூன்று மணி நேரமாக வரவில்லை. வராத ஆளுக்காகக் காத்திருப்பது, தூக்கம் வராமல் படுத்துக்கிடப்பது, நல்லபடி செய்தும் நல்ல பேர் கிடைக்காமல் இருப்பது, மூன்றும் ஆளைக் கொல்லும் என்று பாடுகிறார். ராஜாக்கள் துரோகத்தையும் மரணத்தையும் பாடும் மேடையில் ஒரு கிழவர் காலைப் பானம் வரவில்லை என்று புலம்புகிறார் என்பதே அன்றைக்குப் பெரிய சிரிப்பாக இருந்திருக்கும்.

இதில் இசை எப்படி வேலை செய்கிறது என்று மூன்று இடங்களில் பார்க்கலாம்.

1. உபெர்த்தோ சண்டையில் பொரியும் ஆரியா. இங்கே அங்கே, மேலே கீழே, ஆமாம் இல்லை என்று சொற்கள் துண்டு துண்டாக வருகின்றன, இசையும் அதே மாதிரி மேலும் கீழும் குதிக்கிறது. கட்டைக் குரல் ஒரேயடியாகக் கீழே விழுந்து எழுகிறது. நீளமான அலங்காரச் சங்கதிகள் கிடையாது. மனிதர்கள் எரிச்சலில் பேசும் வேகத்திலேயே பாட்டு ஓடுகிறது. இது அன்று சாதாரண விஷயமில்லை.

2. செர்பீனா 'நான் போன பிறகு என்னை நினைத்துக்கொள்வீர்கள்' என்று உருகும் இடம். மெதுவான, கண்ணீர் தோய்ந்த இசை. நடுநடுவே சட்டென்று வேகம் கூடும், அவள் நம் பக்கம் திரும்பி 'மெல்ல மெல்லக் கரைகிறார் பாருங்கள்' என்பாள். மறுபடி கண்ணீர். நடிப்புக்கு ஒரு தாளம், நிஜத்துக்கு ஒரு தாளம். கள்ளத்தனத்தைத் தாள மாற்றத்திலேயே காட்டிவிட்டார். இத்தாலிய மொழி ஒரு சொல் தெரியாதவருக்கும் புரியும் இடம் இது.

3. வேலைக்காரியைக் கட்டிக்கொள்ளலாமா என்று உபெர்த்தோ குழம்பும் இடம். இங்கே ஹார்ப்சிகார்டோடு நிற்காமல் முழு வாத்தியக்குழுவும் சேர்ந்து ரெசிட்டாட்டிவோவைத் தாங்குகிறது. சீரியாவில் ராஜா உயிரா மானமா என்று தவிக்கும் உச்சகட்டத்துக்கு மட்டுமே ஒதுக்கிவைத்த முறை அது. கிழவரின் கல்யாணக் குழப்பத்துக்கு அதைக் கொடுத்ததுதான் கிண்டல்.

கதையின் முடிவு எதிர்பார்த்ததுதான். வெஸ்போனே மீசையும் வாளுமாகப் படைத்தலைவர் வேடம் போட்டு வருகிறான், செர்பீனாவைக் கட்டிக்கொள்ள 4000 வெள்ளிக் காசு சீதனம் வேண்டும், இல்லையென்றால் நீரே கட்டிக்கொள்ளும் என்று மிரட்டல். கிழவர் கட்டிக்கொள்கிறார்.

கடைசி இரண்டு வருஷம்

1734இல் நேப்பிள்ஸில் ஆஸ்திரியர் ஆட்சி போய் பூர்போன் வம்சத்து சார்ல்ஸ் வந்தார். அவருடைய தாயின் பிறந்தநாளுக்காக அந்த அக்டோபரில் 'அத்ரியானோ இன் சிரியா'. அதில் பாடியவர் கஃபரெல்லி, அந்தக் காலத்தின் மிகப்பெரிய காஸ்ட்ராட்டோக்களில் ஒருவர், கர்வத்துக்கும் பெயர்போனவர். அவருக்காக ஓபோ என்ற ஊதும் வாத்தியத்தோடு போட்டிபோடும் ஒரு நீண்ட ஆரியா இருக்கிறது, நைட்டிங்கேல் பறவை பாடுவது போல. பெர்கொலேசிக்குச் சுருக்கமாகத்தான் எழுத வரும் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும்.

1735 ஜனவரியில் ரோமில் 'லோலிம்பியாதே'. மெத்தஸ்தாசியோ என்ற கவிஞர் எழுதிய பிரபலமான லிப்ரெட்டோ. அரங்கேற்றம் சோபிக்கவில்லை என்று சொல்வார்கள், யாரோ அவர் தலையில் ஆரஞ்சுப் பழத்தை எறிந்ததாக ஒரு கதை பல காலம் சுற்றியது. அதை அப்படியே நம்ப வேண்டாம். செத்துப்போன இளைஞர்கள் மேல் ஏறும் கதைகளில் அதுவும் ஒன்று.

காசநோய் முற்றி, 1736 தொடக்கத்தில் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் பொத்சுவோலியில் இருந்த பிரான்சிஸ்கன் மடத்துக்குப் போனார். அங்கே முடித்ததாகச் சொல்லப்படுவது 'ஸ்தாபாத் மாத்தெர்', சிலுவையடியில் நிற்கும் வியாகுல மாதாவைப் பற்றிய பாடல். நேப்பிள்ஸின் ஒரு பக்தசபை வருஷாவருஷம் அலெஸாந்த்ரோ ஸ்கார்லாத்தி என்ற மூத்த இசையமைப்பாளர் எழுதியதைப் பாடிவந்தது, அது பழசாகிவிட்டது என்று இவரிடம் புதிதாகக் கேட்டார்கள். இரண்டு குரல், தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். தொடக்கத்தில் கீழே பாஸ், அதாவது கட்டைச் சுர வாத்தியம், ஒரே சீராக நடந்துகொண்டிருக்க, மேலே ஒரு குரல் ஒரு சுரத்தில் நிற்கும், அடுத்த குரல் அதை உரசும்படி பக்கத்துச் சுரத்தில் வந்து சேரும், முதல் குரல் விலகி இறங்கும். வலி, விலகல், மறுபடி வலி. 1736 மார்ச் 16 அன்று இறந்தார்.

பிற்காலத்தில் பாதிரியார் மர்த்தீனி என்ற இசை அறிஞர், இந்தப் பாடலின் நடை 'லா செர்வா பத்ரோனா' மாதிரியே இருக்கிறது என்று குறை சொன்னார். குறையாகச் சொன்னாலும் கவனித்தது சரி. சாக்லேட் கேட்ட கிழவருக்கும் சிலுவையடித் தாய்க்கும் ஒரே மனிதர் ஒரே கைமுறையில்தான் எழுதினார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

செத்த பிறகு வந்த பேர்

உயிரோடு இருந்தபோது அவர் நேப்பிள்ஸிலும் ரோமிலும் தெரிந்த ஆள், அவ்வளவுதான். இறந்த பிறகு ஊர் ஊராகச் சுற்றிய நாடகக்குழுக்கள் 'லா செர்வா பத்ரோனா'வை எடுத்துக்கொண்டு போயின. இருவர் பாடினால் போதும், வண்டியில் ஏற்றிவிடலாம். 'ஸ்தாபாத் மாத்தெர்' கையெழுத்துப் பிரதியாகவும் அச்சிலும் பரவி, ஜெர்மனியில் இசையமைப்பாளர் பாஹ் 1740களில் அதை எடுத்துத் திருவிவிலியத்தின் 51ஆம் சங்கீதத்துக்கு ஜெர்மன் சொற்களில் பொருத்திக்கொண்டார்.

பெரிய வெடிப்பு பாரிஸில். 1746இல் அங்கே 'லா செர்வா பத்ரோனா' போட்டபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1752 ஆகஸ்ட் 1 அன்று பம்பீனி என்பவரின் இத்தாலிய நாடகக்குழு அதே துண்டை அரசவையின் ஓபரா அரங்கிலேயே போட்டது. பிரெஞ்சு ஓபரா இசையமைப்பாளர்கள் லுல்லியும் ராமோவும் ஆண்ட மேடை. அங்கே இரண்டு பேர் வந்து சாக்லேட் சண்டை போட்டுக் கைதட்டு வாங்கினால் சும்மா இருப்பார்களா? ராஜாவின் இருக்கைப் பக்கம் உட்கார்ந்தவர்கள் பிரெஞ்சு இசைக்கு, ராணியின் பக்கம் உட்கார்ந்தவர்கள் இத்தாலிய இசைக்கு என்று அரங்கே இரண்டாகப் பிரிந்து, சுமார் 60 துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. தத்துவவாதி ரூசோ 1753இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு இசையே கிடையாது, இருக்கவும் முடியாது என்கிற அளவுக்கு எழுதினார். பதினாறு வருஷம் முன்பே செத்துப்போன பெர்கொலேசி ஒரு கட்சியின் கொடியாகிவிட்டார்.

பெயர் எப்படி சரக்கு முத்திரை ஆனது

குழப்பத்தின் வேர் இங்கேதான்.

1. கேட்பு அதிகம், இருப்பு குறைவு. ஐரோப்பா முழுக்கப் பெர்கொலேசி வேண்டும் என்கிறார்கள், அவர் எழுதியதோ கொஞ்சம்.

2. மறுக்க ஆள் இல்லை. அவரும் இல்லை, கூடப்பிறந்தவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் இவருக்கெல்லாம் பாதுகாப்பு கொடுக்கவில்லை.

3. இசை அன்று பெரும்பாலும் கையால் பிரதி எடுத்துத்தான் பரவியது. பிரதி எடுப்பவர் மேலே ஒரு பெயரை எழுதினால் அதுதான் பெயர். வியாபாரி எந்தப் பெயரை எழுதுவார் என்று சொல்லத் தேவையில்லை.

4. வாத்திய இசைக்குச் சாட்சி இல்லை. ஓபராவுக்கு லிப்ரெட்டோ இருக்கிறது, ஊரே பார்த்திருக்கிறது. இரண்டு வயலின், ஒரு பாஸ் சேர்ந்து வாசிக்கும் சொனாட்டாவுக்கு என்ன இருக்கிறது? அதனால்தான் போலி அங்கே குவிந்தது. தொமெனிகோ கல்லோ என்ற வெனிஸ்காரர் எழுதிய அப்படிப்பட்ட சொனாட்டாக்கள் லண்டனில் பெர்கொலேசி பெயரில் அச்சாகி விற்றன.

எல்லாமே மோசடி இல்லை என்பதற்கு வாசெனார் கதை போதும். 1740இல் ஹேக் நகரில் ரிச்சொத்தி என்ற வயலின்காரர் ஆறு கான்செர்ட்டோக்களை வெளியிட்டார், யார் எழுதியது என்று சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் ஆளாளுக்கு ஊகித்தார்கள்: ரிச்சொத்தி, ஹாண்டல், கடைசியில் பெர்கொலேசி. 1980 வாக்கில் நெதர்லாந்தின் ட்விக்கெல் கோட்டையில் மூலப் பிரதி கிடைத்தது. எழுதியவர் உனிகோ வில்லெம் வான் வாசெனார் என்ற பிரபு. அவரே குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்: சில தேவலாம், சில சுமார், சில மோசம், பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையில்தான் அச்சிட விட்டேன் என்று. மனிதர் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டார், அந்த வெற்றிடத்தில் பெர்கொலேசியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

1939 முதல் 1942 வரை ரோமில் 'முழுத் தொகுப்பு' என்று போட்டார்கள், 148 படைப்புகள். பின்னால் ஆய்வாளர்கள் சலித்துப் பார்த்தபோது உறுதியாக அவருடையவை என்று தேறியவை 30தான். மீதியில் கொஞ்சம் சந்தேகம், நிறைய தப்பு.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

கையெழுத்து மூலம் இருந்தால் பிரச்சினை இல்லை, அதுதான் முதல் சோதனை. அது இல்லையென்றால் லிப்ரெட்டோ, அல்லது அன்றைய தேவாலயக் கணக்கு. அதுவும் இல்லையென்றால் தாளின் நீர்க்குறி, பிரதி எடுத்தவரின் கை எந்தக் காலத்தது என்று பார்ப்பார்கள். அதே இசை வேறு பெயரில் இதைவிடப் பழைய பிரதியில் இருந்தால் பெரும்பாலும் தீர்ப்பு அந்தப் பக்கம். நடையை வைத்து மட்டும் முடிவு செய்வது ஆபத்து, ஏனென்றால் 1760களில் எழுதியவர்கள் பாதிப்பேர் பெர்கொலேசி மாதிரிதான் எழுத முயன்றார்கள்.

அந்த ஆபத்தின் பெரிய உதாரணம் 'புல்சினெல்லா'. பாலே குழு நடத்திய தியாகிலெவ் பழைய பிரதிகளைச் சேகரித்துக் கொடுக்க, ஸ்ட்ராவின்ஸ்கி செய்த பாலே, 1920 மே மாதம் பாரிஸில் அரங்கேறியது, மேடையமைப்பு பிக்காசோ. தொடக்க இசை கல்லோவுடையது. தரந்தெல்லா என்ற நடனப் பகுதி வாசெனாருடையது. 'சே து மாமி' பாட்டு பெர்கொலேசி காலத்ததே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் 'பழைய பாடல்கள்' தொகுத்த பரிஸொத்தி தானே எழுதிச் சேர்த்தது என்றுதான் இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். 'இல் ஃபிளமீனியோ', 'லோ ஃபிராத்தே நமொராத்தோ' பாட்டுகளிலிருந்து வந்தவை சந்தேகமில்லாமல் அவருடையவை. ஓபராவிலிருந்து எடுத்தது நின்றது, வாத்தியத் துண்டுகளில் பல போயின. மேலே சொன்ன நான்காவது காரணம் அப்படியே பொருந்துகிறது.

சரி, ஓபரா என்றால் கண்ணை மூடி நம்பலாமா? அங்கேயும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. 'லா செர்வா பத்ரோனா'வின் கடைசியில் உபெர்த்தோவும் செர்பீனாவும் சேர்ந்து பாடுவதில், நெஞ்சில் காதலின் குட்டிச் சுத்தியல் அடிக்கிறது, திப்பித்தி திப்பித்தி என்று வந்தால், அது 1733 மேடையில் பாடியது இல்லை. அசலில் இருந்தது வேறொரு டூயட். இந்தத் திப்பித்தி டூயட் அவரே இரண்டு வருஷம் கழித்து 'இல் ஃபிளமீனியோ'வுக்கு எழுதியது. பிற்காலத்து நாடகக்குழுக்களுக்கு இது பிடித்துப்போக, அங்கிருந்து பிடுங்கி இங்கே நட்டுவிட்டார்கள். சில பதிவுகளில் ஒன்று, சிலவற்றில் மற்றது, சிலவற்றில் இரண்டும் அடுத்தடுத்து.